அண்ணாச்சிக்குப் பின்னுன சரம்

முத்துக்கிருஷ்ணன்: கேமராவைப் பாரு அய்யம்மா. போர்மேனை எதுக்குப் பாக்குற?

அய்யம்மாள்: அவருதான தலையாட்டிக்கிட்டே இருக்காரு. ஆடுற தலையப் பாக்காம எப்படி...

ஆண்டிச்சாமி: நான் எங்கத்தா ஆட்டுனேன். பேன் காத்து.

முத்துக்கிருஷ்ணன்: ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இல்ல... நீ மூடாத அய்யம்மா, நீ பேசு. முதல்ல இருந்து. செல்லுல ஓடுது... ம்.

அய்யம்மாள்: என் பேரு அய்யம்மாளு. ஊரு எம். புதுப்பட்டி. சண்முகவேல் அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்குறேன். போன ஞாயித்துக்கெளமை எங்க தெருவுல அண்ணாச்சி கட்டிக்குடுத்த சமுதாயக்கூடத்தைத் தெறக்க வந்தாக. அன்னைக்கு அவுகளுக்குப் போட்ட பத்தாயிரம் வாலா சரத்தை நான்தான் பின்னுனேன். அந்தச் சரத்துல...

முத்துக்கிருஷ்ணன்: நிறுத்து, நிறுத்து. சரம்னு சொல்லாதன்னு எத்தனை தடவை சொல்றது? சரவெடிக்குக் கோர்ட்டுத் தடை இருக்கு. அதைப் பின்னுனது நம்ம கம்பெனின்னு நீயே வாயால சொல்லி வெளிய விட்டா லைசென்ஸு தொங்கும்.

அய்யம்மாள்: பெறகு அதை என்னன்னு சொல்ல?

முத்துக்கிருஷ்ணன்: வரவேற்பு வெடி.

அய்யம்மாள்: தெருமுக்குல இருந்து கூடத்து வாசல் வரைக்கும் கெடந்துச்சே தம்பி...

முத்துக்கிருஷ்ணன்: நீளமான வரவேற்பு வெடி.

ஆண்டிச்சாமி: ரொம்பப் பொருத்தம் சின்ன மொதலாளி.

முத்துக்கிருஷ்ணன்: கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காரு. பின்னால காலண்டர்ல மாமா படம் தெரியட்டும்.

அய்யம்மாள்: தம்பி, ஒண்ணு கேக்கவா... அந்தக் கண்ணு அண்ணாச்சியோடதுதானா?

முத்துக்கிருஷ்ணன்: பின்ன யாரோடது?

அய்யம்மாள்: இல்ல, மூஞ்சி அறுவது வயசு மூஞ்சியா இருக்கு, கண்ணு புது மாப்பிள்ளைக் கண்ணா இருக்கு.

முத்துக்கிருஷ்ணன்: அது... அவரு கல்யாணப் போட்டோவுல இருந்து எடுத்து ஒட்டுனது. எந்த விழாவுல படம் எடுத்தாலும் கண்ணை மூடிருறாரு. காலண்டர் அடிக்கிற பிரஸ்காரன் வேற என்ன செய்வான்?

அய்யம்மாள்: ஒட்டிட்டு, கீள 'கல்விக் கண் தெறந்த வள்ளல்'னு போட்டிருக்கான்.

ஆண்டிச்சாமி: அது மனசு நெகிளுறதுத்தா. ஊரு காட்டுற பாசத்தைப் பாத்து அண்ணாச்சிக்குத் தன்னால கண்ணு மூடிக்கிரும்.

அய்யம்மாள்: ஆமாண்ணே. பாசம் அம்புட்டுச் சத்தமா இருக்குல்ல.

முத்துக்கிருஷ்ணன்: எங்க குடும்பத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? விருதுநகர்ல வத்தல் மண்டி வச்சிருந்த காலத்துல இருந்து ஊருக்குக் கிணறு வெட்டுனவங்க, பள்ளிக்கூடம் கட்டுனவங்க. மாமா நாலாவது தலைமுறை. கொடுத்துச் சிவந்த கை.

அய்யம்மாள்: நான் இல்லேன்னா சொன்னேன்? எங்க கூடத்துலயே நாலு சுவத்துலயும் அவுக பேருதான். பேரு எளுதுன எடம் போக சன்னல் வைக்கத்தான் எடமில்லாமப் போச்சு. ஒரு சடங்கு வச்சா பொம்பளைகள்லாம் வெளிய வந்து மூச்சு விட்டுட்டு உள்ள போவோம்.

முத்துக்கிருஷ்ணன்: சரி, விசயத்துக்கு வா. மாமா வந்து இறங்குனாரு. வெடியைப் பத்த வச்சாங்க. அதுல இருந்து சொல்லு.

அய்யம்மாள்: அண்ணாச்சி வேன்ல இருந்து எறங்குனாக. நான் முன்னால ஆரத்தித் தட்டோட நின்னேன். பத்த வச்சாக. மொத நாலஞ்சு வெடி டம்மு டம்முன்னு வெடிச்சுச்சு. அண்ணாச்சி ஆத்தான்னு ஒரு குதி குதிச்சு, என் கையில இருந்த தட்டைப் புடுங்கித் தலைக்கு மேல...

முத்துக்கிருஷ்ணன்: அந்த இடம் வேண்டாம்.

அய்யம்மாள்: அதுதான தம்பி நடந்துச்சு.

முத்துக்கிருஷ்ணன்: நடந்ததெல்லாம் சொல்லணும்னு இல்ல.

அய்யம்மாள்: தலைக்கு மேல கவுத்துக்கிட்டாக. ஆரத்தித் தண்ணி அம்புட்டும் வெள்ளைச் சட்டையில. போர்மேன் அண்ணன்தான் மொத ஆளா 'ஐயோ ரத்தம்'னு கத்துனாரு.

ஆண்டிச்சாமி: செவப்பா இருந்துச்சுத்தா. செவப்பப் பாத்தா வேற என்னன்னு கத்த?

அய்யம்மாள்: அப்பிடியே தூக்கி வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாகளே. அங்கன டாக்டரு மோந்து பாத்துட்டு, இது மஞ்சளும் சுண்ணாம்பும், இதுக்கு வைத்தியம் சோப்புதான்னு சொன்னாராம்.

முத்துக்கிருஷ்ணன்: உனக்கு யாரு சொன்னா?

அய்யம்மாள்: எனக்குச் சொன்னவுகளுக்கு யாரோ சொல்லியிருப்பாக. வீடியோவுல பாட்டெல்லாம் போட்டு சுத்துதே. எங்க வேன்ல காலையில வேலைக்கு வரயில, அம்புட்டுப் பேரும் அதைத்தான் பாத்துக்கிட்டு வாராக.

முத்துக்கிருஷ்ணன்: அதாண்டி... அதான் அய்யம்மா பிரச்சினை. அடுத்த மாசம் சேர்மன் எலக்‌ஷன். மாமா வேட்பாளர். ஊரே சிரிக்குது. இது ஒரு பக்கம்னா, மிச்ச வெடி வெடிக்காததுதான் அதைவிடக் கேவலம்.

ஆண்டிச்சாமி: திரி மட்டும் சுர்ருன்னு ஓடுச்சு பாருங்க...

அய்யம்மாள்: ஆமா, கூடத்து வாசல் வரைக்கும் ஓடி அணைஞ்சுச்சு. எங்க தெரு நாயி வெடின்னா வயக்காட்டுக்கு ஓடிரும். அன்னைக்கு அது ஓடல. திரி கூடவே பதனமா நடந்து போச்சு.

முத்துக்கிருஷ்ணன்: உனக்குச் சிரிப்பா இருக்கு. இந்தூர் டீலர் விடிஞ்சதும் போன் பண்றான். 'ஓனருக்குப் போட்டதே வெடிக்கலையே, எனக்கு அனுப்புன லோடு வெடிக்குமா'ங்கிறான். அதனாலதான் சொல்றேன். இது சதி. தங்கப்பாண்டியன் வேலை. மாமாவை எதுத்து நிக்கிறவன் அவன்தான். எடுத்துப் பாத்தாச்சு, பூராவும் மருந்தில்லாத வெறுங்கூடு. நீ சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. 'தங்கப்பாண்டியன் வீட்டுக்கு வந்து வெறுங்கூட்டைக் கொடுத்து, இதை வச்சுப் பின்னுன்னு மிரட்டுனாரு.' அவ்வளவுதான். சொல்லு.

அய்யம்மாள்: தங்கப்பாண்டியன் அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரா?

முத்துக்கிருஷ்ணன்: வந்தாரு.

அய்யம்மாள்: எப்படி வந்தாரு? அவரு இருக்க ஒடம்புக்கு எங்க வீட்டு நெலவாசல்ல நுளைய முடியாதே.

முத்துக்கிருஷ்ணன்: வாசல்ல நின்னு மிரட்டுனாரு.

அய்யம்மாள்: வாசல்ல நின்னு மிரட்டுனா தெருவே வந்து நிக்குமே தம்பி. தெருவுல ஒருத்தரும் பாக்கலைன்னு சொல்லுவாகளே.

முத்துக்கிருஷ்ணன்: மெதுவா மிரட்டுனாரு.

ஆண்டிச்சாமி: காதோட காதா மிரட்டியிருப்பாரு சின்ன மொதலாளி.

முத்துக்கிருஷ்ணன்: நீ சும்மா இருய்யா.

அய்யம்மாள்: அந்தண்ணன் பெரிய யோக்கியர்னு நான் சொல்லல. லோடு ஆட்டோ வச்சிருந்தப்ப பேசுன வாடகைக்கு மேல நச்சரிச்சு வாங்குற ஆளுதான். ஆனா நம்ம கம்பெனியில மருந்து அடைக்கிற நாலாம் செட்டு தீப்புடிச்சப்ப, எந்தங்கச்சி மாடத்திய அவரு ஆட்டோவுலதான் ஏத்திக்கிட்டுப் போனாக. அவரு வேட்டியத்தான் அவ மேல போத்துனாக. அன்னைக்கு அவரு வாடகை கேக்கல. அவரு மேல போயி நான் எப்படிப் பொய் சொல்ல?

முத்துக்கிருஷ்ணன்: அந்த நேரம் மாமாவும்தான் வந்தாரு.

அய்யம்மாள்: வந்தாக, வந்தாக. ரோட்டுல கார் நின்னுச்சு.

ஆண்டிச்சாமி: ஏத்தா... அண்ணாச்சிக்கு மருந்து வாசம் ஒத்துக்கிடாது. அதான் செட்டுப் பக்கம் வாரதில்ல.

அய்யம்மாள்: எனக்குந்தான் ஒத்துக்கிடாது. என்னைய யாரு கேட்டா?

முத்துக்கிருஷ்ணன்: இங்க பாரு அய்யம்மா, நான் நல்லபடியாச் சொல்றேன். உன் மக இசைவாணி எங்க படிக்குது?

அய்யம்மாள்: ...அண்ணாச்சி டிரஸ்ட்டு காலேஜுல. நர்ஸுக்கு.

முத்துக்கிருஷ்ணன்: பீஸு?

அய்யம்மாள்: அண்ணாச்சி புண்ணியம்.

முத்துக்கிருஷ்ணன்: இன்னும் எத்தனை வருசம் பாக்கி?

அய்யம்மாள்: தம்பி, பிள்ளை படிப்பை இதுக்குள்ள இளுக்காதீக.

முத்துக்கிருஷ்ணன்: நான் இழுக்கல. நீ வீடியோவுல அந்த ஒரு வரியைச் சொன்னா அது நர்ஸ். சொல்லலைன்னா அடுத்த வாரத்துல இருந்து உன்கூடத்தான் வேன் ஏறி வரும். வெடிக்குக் குழாய் ஒட்டும்.

ஆண்டிச்சாமி: டீ சொல்லவா சின்ன மொதலாளி? எல்லாருக்கும் தொண்டை...

முத்துக்கிருஷ்ணன்: வேண்டாம்.

அய்யம்மாள்: அவளைச் செட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு மாடத்தி பாடைக்கு முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன் தம்பி. அதுல மட்டும் கை வச்சிராதீக.

முத்துக்கிருஷ்ணன்: அப்ப சொல்லு. ஓடுது. ம்...

அய்யம்மாள்: நான் ஒண்ணு சொல்றேன். எனக்கு ஒரு ஆளு சொல்லித்தான் வெறுங்கூடா வச்சுப் பின்னுனேன். அது நெசந்தான்.

முத்துக்கிருஷ்ணன்: பாத்தியா? பாத்தியாய்யா போர்மேன்? நான் சொன்னேன்ல?

ஆண்டிச்சாமி: நான் டீ சொல்லிட்டே வந்துருறேன்...

முத்துக்கிருஷ்ணன்: உக்காருய்யா. யாரு அய்யம்மா? தங்கப்பாண்டியன் ஆளு யாரு?

அய்யம்மாள்: தங்கப்பாண்டியன் அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சொன்னவுக வேற.

முத்துக்கிருஷ்ணன்: சொன்னவுகளா? அவனுக்கு என்ன மரியாதை?

அய்யம்மாள்: பளகிருச்சு. பெரிய ஆளு.

முத்துக்கிருஷ்ணன்: பெரிய ஆளா... நம்ம கட்சிக்குள்ளயா? எனக்கு அப்பவே சந்தேகம். மாவட்டமா? வட்டமா? அத்தை வழிச் சொந்தத்துல யாராவதா?

அய்யம்மாள்: அண்ணாச்சிக்கு ரொம்ப வேண்டியவுக. அண்ணாச்சி அவுக பேச்சைத் தட்டவே மாட்டாக.

முத்துக்கிருஷ்ணன்: துரோகி. கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான். பேரைச் சொல்லு, இன்னைக்கே கட்சியில இருந்து தூக்கிருவோம்.

அய்யம்மாள்: தூக்குறது கஷ்டம் தம்பி. நீங்க ஒண்ணு செய்ங்க. அண்ணாச்சிக்கு ஒரு போன் போடுங்க. பின்னல்காரி அய்யம்மா, சொன்னவுக பேரை வீடியோவுல சொல்லப் போறேங்கா, சொல்லட்டுமான்னு கேளுங்க. அவுக சரின்னா சொல்லிருறேன்.

ஆண்டிச்சாமி: அண்ணாச்சி இந்நேரம் தூங்குவாக...

முத்துக்கிருஷ்ணன்: மத்தியானம் பன்னெண்டு மணிக்கா? இரு அய்யம்மா, போடுறேன். மாமாவே காதாரக் கேக்கட்டும்... அலோ, மாமா... ஆமா, கம்பெனியிலதான். கண்டுபிடிச்சாச்சு மாமா. சதிதான். நம்ம கூடவே இருக்குற ஒரு துரோகி... ஆமா... நம்ம பின்னல் அய்யம்மாதான் சொல்லுது... அய்யம்மா. எம். புதுப்பட்டி... ஆமா, அதே அய்யம்மாதான். பேரை வீடியோவுல சொல்லிருறேங்குது... மாமா? லைன்ல இருக்கீங்களா?... வேண்டாமா? ஏன் மாமா, எலக்‌ஷன்ல இதை வச்சே... சரி... சரி மாமா... அந்தப் பிள்ளை சீட்டா? அதை நான்தான் சும்மா பயமுறுத்த... இல்ல மாமா, நிறுத்தலை... கடைசி வருசம் வரைக்குமா?... ஹாஸ்டலுமா?... யூனிபாரம் கூடவா?... சரி மாமா. மாமா, நீங்க ஏன் அழுகுற மாதிரி... வச்சுட்டாரு.

அய்யம்மாள்: என்ன சொன்னாக?

முத்துக்கிருஷ்ணன்: ...நீங்க கொஞ்சம் இப்படி பேனுக்குக் கீழ வந்து உக்காருங்கக்கா.

அய்யம்மாள்: பரவால்ல தம்பி. இங்கனயே காத்து வருது.

முத்துக்கிருஷ்ணன்: போர்மேன், டீ சொல்லுங்க.

ஆண்டிச்சாமி: இப்பவா?

முத்துக்கிருஷ்ணன்: இல்ல, இருங்க. உமக்கும் தெரியுமா?

ஆண்டிச்சாமி: எனக்கு என்ன தெரியும் சின்ன மொதலாளி... வெறுங்குளாய் மட்டும்தான் குடோன்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல. மொதலாளி சொன்னா கேக்குற பளக்கம் இல்ல.

முத்துக்கிருஷ்ணன்: மாமாவா? மாமாவே தனக்குப் போடுற வெடியை வெடிக்காம... எதுக்குக்கா?

அய்யம்மாள்: இதைக் கண்டுபுடிக்கக் காலேஜு படிக்கணுமா? வெடின்னா பயம். சின்னதுல இருந்தே பயமாம். கார்ல கொடிய களத்திட்டு, தனியா எங்க காளியம்மன் கோயில் பின்னால வந்து நின்னாக. ஆளைப் பாத்ததும் நான் வேற ஏதோன்னு பதறிட்டேன். 'அய்யம்மா, எந்த ஊருக்குப் போனாலும் வாலா போட்டுக் கொல்றாங்க. சிரிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குள்ள உசுரு போயிருது. இந்த ஒரு ஊருலயாவது சத்தமில்லாம ஒரு சரம் பின்னிரு'ன்னாக.

முத்துக்கிருஷ்ணன்: வெடியே வேண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அய்யம்மாள்: பத்தாயிரம் வாலா இல்லாம அண்ணாச்சி கால் தரையில படக்கூடாதுன்னு நீங்கதான ஒத்தக்கால்ல நின்னீக. பட்டாசுக் கம்பெனி மொதலாளி, அதுவும் சேர்மனுக்கு நிக்கிறவுக, எனக்கு வெடின்னா பயம்னு யார்ட்டச் சொல்லுவாக? அதான் கண்ணை மூடிக்கிட்டு நின்னாக. நீங்க அதைக் காலண்டர் போட்டீக.

முத்துக்கிருஷ்ணன்: கடவுளே... அந்தக் கண்ணு.

ஆண்டிச்சாமி: நான் நெகிளுறாகன்னுதான் நெனச்சேன்.

முத்துக்கிருஷ்ணன்: சரி, வெடிக்காமப் போனா ஊருக்குள்ள என்ன காரணம் சொல்றதா இருந்தாராம்?

அய்யம்மாள்: மருந்து நமுத்துப் போச்சு, பாதுகாத்து வைக்கத் தெரியாத போர்மேனை வேலைய விட்டுத் தூக்கியாச்சுன்னு மைக்குல சொல்லிக்கிடுதேன்னாக.

ஆண்டிச்சாமி: போர்மேன்னா... எந்தப் போர்மேன்?

அய்யம்மாள்: நம்ம கம்பெனியில எத்தனை போர்மேன் இருக்காகண்ணே?

ஆண்டிச்சாமி: என்னையவா? வெறுங்குளாயை நான்தானத்தா எடுத்துக் குடுத்தேன். முந்தா நாளு கூட தோள்ல கை போட்டு, 'ஆண்டிச்சாமி, நீ இல்லாம கம்பெனி இல்ல'ன்னாகளே.

அய்யம்மாள்: அவுக யார் தோள்ல கை போட்டாலும் மறுநாளு காயம் எங்கனன்னு பாக்கணும்ணே.

முத்துக்கிருஷ்ணன்: ரெண்டு பேரும் இந்தப் பேச்சை இந்த ரூமோட விட்டுருங்க. உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கிறேன். தங்கப்பாண்டியன் காதுல விழுந்தா டெபாசிட்டு கூட மிஞ்சாது.

அய்யம்மாள்: என் மக படிப்பை முடிச்சு வெளிய வரட்டும் தம்பி. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

ஆண்டிச்சாமி: எனக்கு ஞாபகம் இருக்குமா இல்லியான்னு சாயங்காலம் யோசிச்சுச் சொல்றேன் சின்ன மொதலாளி.

முத்துக்கிருஷ்ணன்: யோவ்... உமக்கும் பேசுவோம், பொறும். ஆனா அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை.

அய்யம்மாள்: என்ன?

முத்துக்கிருஷ்ணன்: மாமா பூராவும் வெறுங்கூடுன்னுதானே சொன்னாரு? சத்தமே வரக்கூடாதுன்னுதானே கேட்டாரு?

அய்யம்மாள்: ஆமா.

முத்துக்கிருஷ்ணன்: அவரு தைரியமா, கண்ணைத் திறந்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு இறங்குனாரு. வீடியோவுலயே தெரியுது. நான் கூட நினைச்சேன், என்னடா இன்னைக்கு மாமா படம் இவ்வளவு நல்லா வருதேன்னு. அப்ப முதல்ல வெடிச்ச அந்த நாலஞ்சு வெடி? அது எப்படி உள்ள வந்துச்சு? கை தவறி வச்சுட்டீங்களா?

ஆண்டிச்சாமி: கை தவறித்தான் சின்ன மொதலாளி. அம்புட்டுக் குளாயில ஒண்ணு ரெண்டு தவறும். இல்லியாத்தா? கை தவறித்தான்னு சொல்லிரு.

அய்யம்மாள்: இத்தன வருசத்துல என் கை தவறுனதில்லண்ணே. மாடத்தி செத்தன்னைக்கு அண்ணாச்சி கார் ரோட்டுல நின்னுச்சுன்னு சொன்னேன்ல தம்பி... நான் ஓடிப்போயி அந்தக் கண்ணாடியத் தட்டுனேன். 'உங்கள்ல ஒருத்தன்னு மேடையில சொல்லுவீகளே, எறங்கி வந்து எந்தங்கச்சி கெடக்குற கெடையப் பாருங்க'ன்னேன். கண்ணாடிய ஒரு விரலளவு எறக்கி, 'இப்ப வரமாட்டேம்மா, உள்ள நாலஞ்சு வெடி மிச்சம் கெடக்கும், வெடிச்சாலும் வெடிக்கும்'னுட்டு ஏத்திக்கிட்டாக. அந்த மிச்சத்தைத்தான் தம்பி, மொதல்ல வச்சுப் பின்னுனேன்.